மறுமொழி: நேரலைக்குப் புதுக் கமரா, மூன்றரை லட்சம்

எல்லோருக்கும் வணக்கம்.

ஊர்க் கோயில் திருவிழா நேரலை நின்று நின்று வருகிறது, அதனால் புதுக் கமரா வாங்க எல்லோரும் காசு தர வேண்டும் என்று பொருளாளர் அண்ணை எழுதிய மடல் பார்த்தேன். காசு தர எனக்குத் தயக்கமில்லை. ஆனால் கமராவுக்குத் தர மாட்டேன்.

போன திருவிழாவுக்கு நான் ஊரில்தான் நின்றேன். ஏழாம் நாள் இரவு சாமி வெளிவீதி வரும்போது உங்கள் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்ததல்லவா, அப்போது நான் கமராவுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். கமராவில் ஒரு குறையும் இல்லை. கோயில் மடத்து இன்டர்நெட் லைனை அளந்து பார்த்தேன்: இறங்கும் வேகம் 18 எம்பிபிஎஸ் (நொடிக்கு 18 மெகாபிட்). தம்பிமார் அதைக் காட்டித்தான் "லைன் நல்லம்" என்கிறார்கள். ஏறும் வேகம் 1-ஐக்கூடத் தொடவில்லை. ஏடிஎஸ்எல் என்கிற பழைய செப்புக் கம்பி டெலிபோன் லைன் அப்படித்தான். படம் பார்க்க அள்ளித் தரும், அனுப்பக் கிள்ளித் தரும். நேரலை முழுக்க ஏறுகிற வேலை. 720 தரப் படத்துக்கே 3, 4 எம்பிபிஎஸ் வேண்டும், அதைவிடத் தெளிவான 1080 என்றால் 6 மட்டில். வேகம் ஒரே சீராக நிற்காது என்பதால் அதைப்போல் ஒன்றரை மடங்காவது கையில் இருக்க வேண்டும். புதுக் கமரா இன்னும் பெரிய படம் எடுத்தால் இன்னும் மோசமாகத்தான் நிற்கும்.

கனடாவில் கனபேர் பார்த்ததால் லைன் அடைபட்டது என்று ஒருவர் எழுதியிருந்தார். அப்படியல்ல. கோயிலிலிருந்து யூடியூபுக்குப் போவது ஒரே ஒரு படம். அதை ஆயிரம் பேருக்குப் பங்கிடுவது அவர்கள் பாடு.

சிம் போட்டும் பார்த்தோம். பகலில் 12 ஏறியது. இரவு சாமி வாசலுக்கு வந்ததும் ஒன்றுக்குக் கீழே. வீதி நிறையச் சனம் ஆளுக்கொரு போனைத் தூக்கி அதே டவரில் வீடியோ கோல் எடுத்தால் வேறென்ன நடக்கும்? அதில் பாதிப்பேர் நமக்குத்தான் எடுத்தார்கள்.

எதிர் வீட்டில் ஃபைபர் இருக்கிறது. ஏறும் வேகம் 40-க்கு மேல். மடத்திலிருந்து 70 மீற்றர். லான் கேபிள் 100 மீற்றர் வரை தாங்கும். 4 எம்பிபிஎஸ்ஸில் அனுப்பினால் மணிக்கு 1.8 ஜீபி. பத்து இரவு, மூன்று மூன்று மணி நேரம், 54 ஜீபி. கேபிளுக்கும் டேட்டாவுக்கும் கொடுத்தால் சரி, வேலை முடிந்தது.

எதிர் வீடு என்றதும் ஏன் ஒருவரும் வாய் திறப்பதில்லை என்று தெரியும். வேலி விஷயம். ஆனால் ஒன்று கேட்கிறேன்: லண்டனில் வீடு வீடாகச் சுற்றிய அந்தத் திருவிழாக் கசெட் ஞாபகமிருக்கிறதா? சாமி தீர்த்தத்துக்குக் கடலில் இறங்கும் இடத்தில் நாடா தேய்ந்து கோடு கோடாக ஓடுமே. வருடா வருடம் அதை எடுத்து ஆள் பிடித்து அனுப்பியது யார்? எதிர் வீட்டு மாமாதான். அப்போது அவர் வேலி ஒருவர் கண்ணிலும் படவில்லை.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். போன வருட அறிக்கையில் "நேரலைச் செலவு 85,000" என்று ஒரே வரி. பற்றுச்சீட்டை அத்தான் மூன்று தரம் கேட்டுவிட்டார். அவர் கேட்கும் விதம் எனக்கும் பிடிக்காது, ஆனால் கேள்வி சரி.

ஊரிலிருந்து வரும்போது அந்த எதிர் வீட்டு மாமியிடம் போனேன். தேத்தண்ணி தந்தா. "லைன் தாறன், உங்கட பெரியண்ணை ஒருக்கா போன் எடுத்துக் கேக்கட்டும்" என்றா. அவ்வளவுதான் கேட்டா.

பெரியண்ணை, ஊரில் இரவு 7 மணி என்றால் டொரொண்டோவில் கோடையில் காலை 9.30, குளிர்காலத்தில் 8.30. அந்த நேரம் மாமி வீட்டில்தான் இருப்பா. நம்பர் மாறவில்லை.