புதுப்பிப்பு: நிழல்மரம் கழிக்கும் தம்பிக்கு வேலை கிடைத்தது

ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் நிழல் தரும் கிரவீலியா மரங்களின் கிளைகளைக் கழிக்கிற தம்பி இதையே தொழிலாக்க வழி உண்டா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கைகொடுத்தது பண்டாரவளை அண்ணன் சொன்னதுதான்: சான்றிதழ் தேடுவதற்கு முன் கிளை வெட்டும் முறையைத் திருத்து. கிளையின் கீழ்ப்பக்கத்தில் கால்வாசி வெட்டு, நுனிப்பக்கமாகச் சற்றுத் தள்ளி மேலிருந்து முழுவெட்டு, கடைசியாகக் கிளைக்கழுத்தை (கிளை மரத்தோடு சேரும் இடத்துப் புடைப்பு) தொடாமல் மிச்சக் கட்டையை வெட்டுவது. பட்டை உரியவே இல்லை. தம்பி அப்படி வெட்டிய மரங்களின் படங்களைப் பார்த்துத்தான் நுவரெலியாவில் ஒரு விடுதி கூப்பிட்டது. வெட்டுவாயில் தார் பூச வேண்டாம் என்றதும் அங்குள்ள தோட்டக்காரர் முறைத்தாராம்!

எதிர்பாராதது ஒன்று. சர்வதேச மரப் பராமரிப்புச் சங்கத்தின் சான்றிதழ்த் தேர்வெழுத பொதுவாக 3 வருட முழுநேர அனுபவத்தைக் காட்ட வேண்டும். 6 வருடம் மரமேறியவனிடம் அதைக் காட்ட ஒரு கடிதமும் இல்லை. இப்போது கடிதம் வாங்கத் தோட்டத்தின் பழைய கணக்கப்பிள்ளையைத் தேடுகிறோம்.