பிட்காயின் வலையில் புது நோடு (அந்த வலையில் சேரும் கணினி) போட்டவர்கள் வாங்க, முதல் வாரம் எப்படிப் போனது?

மொட்டைமாடி:
சும்மா கிடந்த லேப்டாப்பில் 1 டிபி எஸ்எஸ்டி மாட்டி பிட்காயின் கோர் (நோடை இயக்கும் மென்பொருள்) போட்டேன். (விலை ஏறுமா என்று கேட்காதீர்கள், என்னிடம் ஒரு காயினும் கிடையாது.)

புது நோடுக்கு வலையில் யாரையும் தெரியாது. மென்பொருளிலேயே எழுதி வைத்திருக்கும் சில டிஎன்எஸ் சீடுகளிடம் (முகவரி தரும் சர்வர்கள்) போய் விசாரிக்கும். அவை தரும் ஐபி முகவரிகளில் பதில் சொல்லும் பீரைப் (peer, வலையில் இருக்கும் இன்னொரு நோடு) பிடித்து, அதற்குத் தெரிந்த மற்ற முகவரிகளையும் வாங்கிக் குறித்துக்கொள்ளும். டீ போட்டுக்கொண்டு வருவதற்குள் எனக்கு வெளிச்செல்லும் இணைப்பு பத்தும் கிடைத்துவிட்டது.

அப்புறம்தான் கூத்து. பிளாக்குகளை, அதாவது பரிவர்த்தனைக் கட்டுகளை, முதலிலிருந்து இறக்க ஆரம்பித்தது. 2009, 2010 பிளாக்குகளில் பெரும்பாலும் ஒன்றுமே இல்லை. லாக் (நோடு எழுதும் குறிப்பு) சரசரவென்று ஓடியது. 2016 தாண்டியதும் நத்தை. ராத்திரி எழுந்து பார்த்தால் ஒரே வரி திரும்பத் திரும்ப: இந்த பீர் பதிவிறக்கத்தை முடக்குகிறது, துண்டிக்கிறேன். வந்தவர்களையெல்லாம் துரத்திக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். அடுத்த 1024 பிளாக்குகளைப் பல பீர்களிடம் பிரித்துக் கேட்கும். வரிசையில் முதலில் நிற்கும் பிளாக் மட்டும் வராமல் மற்றதெல்லாம் வந்து தேங்கினால், அதைத் தரவேண்டியவருக்கு 2 விநாடி கெடு. என் இணைப்பே மெதுவானது என்பது நோடுக்கு எப்படித் தெரியும்? கோளாறு என் வீட்டு வயரில், அடி வாங்கியது எங்கோ இருக்கும் அப்பாவி. 2023-இல் வந்த 25-ஆம் பதிப்பில், துண்டிக்கும்போதெல்லாம் கெடுவை இரட்டிப்பாக்கி 64 விநாடி வரை பொறுக்கப் பழக்கியிருக்கிறார்கள். நான் போட்டது பென் டிரைவில் கிடந்த 24. மாற்றியதும் சரியானது.

உங்களுக்கு எப்படி?

ராப்பூச்சி:
எனக்கு வேறு கதை. மற்ற நோடுகள் உள்ளே வரும் வாசலான 8333 போர்ட்டைத் திறந்துவிட்டு வாசலையே பார்த்தபடி ஒரு வாரம். உள்வரும் இணைப்பு 0. பாதி என் அவசரம்தான்: பழைய பிளாக்குகளை இறக்கி முடிக்கும்வரை நோடு தன் முகவரியைப் பரப்பாது. முடித்த பிறகும் 0. ரவுட்டரைத் திறந்து பார்த்தால் வெளி முகவரியே 100.72 என்று ஆரம்பிக்கிறது. அதாவது எனக்கென்று பொது ஐபி கிடையாது, பல வீடுகளுக்குச் சேர்த்து ஒன்று. சரி என்று டார் (அடையாளத்தை மறைக்கும் வலை) வழியாக, பொது ஐபி தேவைப்படாத ஆனியன் முகவரி போட்டேன். மறுநாள் காலை உள்வரும் இணைப்பு 1! வந்தவர் முகவரிப் பட்டியலைக் கேட்டார், வாங்கினார், போய்விட்டார். நோடுகளைக் கணக்கெடுக்கும் ஏதோ பாட் (தானியங்கி நிரல்).

டோரன்ட்காலத்து ஆள்:
நீங்கள் கொடுத்து வைத்தவர்கள். பிட்டோரன்டில் (கோப்புகளைத் துண்டுதுண்டாகப் பகிரும் வலை) புதிதாக நுழைகிறவரிடம் திருப்பிக் கொடுக்க ஒரு துண்டும் இருக்காது. அங்கே கொடுக்கிறவருக்குத்தான் கொடுப்பார்கள். 30 விநாடிக்கு ஒருமுறை ஒவ்வொருவரும் யாரோ ஒருவருக்குச் சும்மா ஒரு வாய்ப்புத் தருவார்கள். அந்தச் சீட்டு நம் பேருக்கு விழும்வரை வேகம் 0.0 தான். சீடு (முழுக் கோப்பும் வைத்திருப்பவர்) ஒன்றே ஒன்று இருந்த லினக்ஸ் ஐஎஸ்ஓ கோப்பு ஒன்றுக்காக அப்படி உட்கார்ந்திருக்கிறேன்.

ராப்பூச்சி, அந்த பாட் திரும்பி வந்ததா?