மறு: ரேட்டிங், ரேங்க் இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல்லா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

ஆன்லைன் ஆட்டங்களில் மேலே ஏறுவது எப்படி என்று கல்லூரிப் பிள்ளைகளுக்காகக் கையேடு எழுதும் நண்பர், ரேட்டிங் என்பதற்கு, அதாவது ஆட்டக்காரரின் பலத்தைக் காட்டும் எண்ணுக்கு, தமிழில் என்ன போடலாம் என்று கேட்டிருந்தார். வந்த மடல்களில் பெரும்பாலானவை ‘தரவரிசை’ என்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை.

> செய்தித்தாள்களே சதுரங்கச் செய்தியில் தரவரிசை என்றுதான் எழுதுகின்றன. புழக்கத்தில் இருக்கும் சொல்லை ஏன் மாற்ற வேண்டும்?

புழக்கத்தில் இருப்பது உண்மைதான் ஐயா. ஆனால் அந்தச் சொல் இரண்டு வேலை பார்க்கிறது: ரேட்டிங் எண்ணையும் குறிக்கிறது, பட்டியலில் எத்தனையாவது இடம் என்ற ரேங்கையும் குறிக்கிறது. விஸ்வநாதன் ஆனந்த் 2006 ஏப்ரல் உலகச் சதுரங்கப் பட்டியலில் 2803 என்ற ரேட்டிங் எண்ணைத் தொட்டார். அப்போது அவர் உலகின் முதல் ஆட்டக்காரர் இல்லை. முதல் இடம் கிடைத்தது 2007 ஏப்ரலில்; அந்தப் பட்டியலில் அவர் எண் 2786. எண் இறங்கியிருக்கிறது, இடம் ஏறியிருக்கிறது. ‘தரவரிசை’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இந்த இரண்டு வரியைத் தமிழில் எழுதிப் பாருங்கள், சிக்கல் புரியும்.

சரி, ‘தரவரிசைப் புள்ளி’ என்று போட்டால் தீருமா? தீராது. டென்னிஸில் அது பொருந்தும். அங்கே போட்டிகளில் வென்று புள்ளி சேர்க்கிறார்கள், 52 வாரத்தில் பழையது கழிகிறது. மில்வாக்கியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அர்பாட் எலோ சதுரங்கத்துக்கு வகுத்த ரேட்டிங் கணக்கு வேறு மாதிரி. அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு அதை 1960-இலும் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே 1970-இலும் ஏற்றுக்கொண்டன. அது சேமிப்பு இல்லை, கணிப்பு. இருவரும் சமம் என்றால் பாதிக்குப் பாதி. 200 கூடுதல் உள்ளவர் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கு எடுப்பார் என்று எதிர்பார்ப்பு. 400 கூடுதல் என்றால் பதினொன்றில் பத்து. எதிர்பார்த்தது நடந்தால் எண் லேசாக அசையும், எதிர்பாராதது நடந்தால் நன்றாகவே அசையும். ஃபிடே கணக்கில் பதினெட்டு வயதும் முப்பது ஆட்டமும் தாண்டி, 2400-ஐ இன்னும் தொடாத ஒருவர், தன்னைவிட 200 குறைந்தவரை வென்றால் 5 வாக்கில் கூடும். அவரிடம் தோற்றால் 15 போய்விடும்.

‘புள்ளி’ என்று எழுதினால் படிக்கிற பையன் என்ன நினைப்பான்? உண்டியல் காசு மாதிரி, நிறைய ஆடினால் நிறையச் சேரும் என்று நினைப்பான். ராத்திரி முழுக்க ஆடுவான். ரேட்டிங்கைப் பார்த்துச் சமமான எதிராளியைத் தேடிக் கொடுப்பதுதான் ஆன்லைன் ஆட்ட அமைப்பின் வேலை என்பதால் பாதி ஜெயிப்பான், பாதி தோற்பான், கிளம்பிய இடத்துக்கே வந்து நிற்பான். அப்புறம் கூட வந்த அணிக்காரர்களைத் திட்டுவான். கையேட்டின் முதல் பக்கத்திலேயே இந்தத் தவறான எண்ணத்தை நாம் ஏன் விதைக்க வேண்டும்? அதனால்தான் இந்தச் சொல்லுக்கு இவ்வளவு மெனக்கெடுகிறேன்.

> திறனளவு, வலுவெண், தரவெண் – இவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாமே?

மூன்றும் அழகான சொற்கள். ஆனால் தமிழ்நாட்டுப் பாடநூலில் ‘திறன்’ என்றால் வாட் கணக்கில் அளப்பது. இலங்கைப் பாடநூலில் அதே பொருளுக்கு ‘வலு’. ஆக முதல் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் இயற்பியலோடு மோதுகின்றன. ‘தரவெண்’ என்பதைத் தரம் கூட்டல் எண் என்று படிப்பதைவிடத் தரவு கூட்டல் எண் என்று படிக்கத்தான் இன்று அதிக வாய்ப்பு.

என் பரிந்துரை ‘ஆட்டத்தரம்’. விளக்கமே வேண்டாம், கேட்டதும் புரியும். “அவன் ஆட்டத்தரம் 1500” என்று சொல்லிப் பாருங்கள், நாக்கில் இடறவில்லை. அது ஏறும், இறங்கும், ஓரிடத்தில் நிற்கும். யாரும் அதைச் சம்பாதிப்பதாகச் சொல்ல முடியாது. ஆன்லைன் ஆட்டங்களில் திரையில் தெரியும் கோல்டு, பிளாட்டினம் போன்ற நிலைகள் எல்லாம் ‘படி’. பட்டியலில் எத்தனையாவது என்பது ‘இடம்’. அதற்குப் புதுச்சொல் தேவையில்லை. படிகளின் பெயர்களைத் தங்கம், வைரம் என்று மாற்ற வேண்டாம் என்பது என் எண்ணம். பையன் திரையில் பார்ப்பது கோல்டு, கையேட்டிலும் கோல்டு என்றே இருக்கட்டும். மேலே ஏறுவதற்குப் ‘படியேறுதல்’ தானாக வந்துவிடுகிறது. படியேறுவதற்காக ஆடும் ஆட்டத்துக்குப் ‘படிப்போட்டி’ மட்டும் வேண்டாம், படிப்புக்கான போட்டி என்று காதில் விழும். ‘படியேற்றப் போட்டி’ என்று நீட்டியே எழுதலாம்.

ஆட்டத்தரமும் படியும் தனித்தனி என்பது லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்ற ஆன்லைன் அணி ஆட்டத்தை ஆடுகிறவர்களுக்குத்தான் அதிகம் தேவைப்படும். 2013-இல் அந்த ஆட்டம் எலோ எண்ணைத் திரையிலிருந்து எடுத்துவிட்டுப் படிகளைக் கொண்டுவந்தது. எண் ஒழிந்துவிடவில்லை, உள்ளே மறைந்திருந்து எதிராளியைத் தேர்ந்தெடுக்கிறது. இந்த மறைந்த எண்ணுக்கு ‘உள்தரம்’ என்று பெயர் வைக்கலாம். “ஜெயித்தால் படிக்கு 17 புள்ளி தருகிறான், தோற்றால் 24 பிடுங்குகிறான், இது என்ன நியாயம்?” என்று புலம்புகிற பிள்ளைக்கு, “உன் உள்தரம் உன் படியைவிடக் கீழே இருக்கிறது, அதனால் படி கீழே இழுக்கப்படுகிறது” என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். இதுவரை தமிழில் அந்த ஒரு வரிக்கு வழியில்லாமல் இருந்தது.

இன்னொன்று. லிசெஸ் என்ற இணையச் சதுரங்கத் தளத்தில் புதியவருக்கு 1500 என்று தொடங்கி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுகிறார்கள். மார்க் கிளிக்மன் 1995-இல் வகுத்த கிளிக்கோ முறையில் எண்ணோடு அதன் உறுதியின்மையும் சேர்ந்து கணக்காகிறது. லிசெஸில் அந்த உறுதியின்மை 110-க்குமேல் இருக்கும்வரை கேள்விக்குறி போகாது. இந்த உறுதியின்மையை ‘ஐய எல்லை’ எனலாமா? இதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

பயிற்சி அத்தியாயத்துக்குக் கேட்ட சொற்களுக்கு வருகிறேன். கவுண்டர்-ஸ்டிரைக் என்ற சுடும் ஆட்டத்தின் பதிவு ஒன்றை எடுத்து, செத்த இடத்திலிருந்து பத்து நொடி பின்னால் தள்ளிப் பார்த்தால் துப்பாக்கியின் குறி பெரும்பாலும் தரையைப் பார்த்தபடி இருக்கும். மூலை திரும்பும்போது எதிராளியின் தலை வரப்போகும் உயரத்தில் குறியை முன்கூட்டியே வைத்திருந்தால் விரலை அழுத்துவதோடு வேலை முடிந்தது. இல்லாவிட்டால் மவுஸை மேலே கொண்டுபோக வேண்டும். அதற்குள் அவன் சுட்டுவிடுவான். இந்தப் பழக்கத்துக்கு ‘முன்குறி’. அடுத்தது, இடப்பக்கம் ஓட ‘ஏ’ விசையை அழுத்திக்கொண்டிருப்பவர் அதை விட்டுவிட்டு ‘டி’யை ஒரு தட்டுத் தட்டினால் ஆள் சட்டென்று நிற்கும், நின்றால்தான் குண்டு நேராகப் போகும். இதற்கு ‘எதிர்த்தட்டு’. ஆட்டத்தரம் ஏறுவது இந்த மாதிரிச் சின்ன விஷயங்களால்தான். ஆகவே இவற்றுக்குப் பெயர் இருந்தே ஆக வேண்டும். பெயர் இருந்தால்தான் நண்பன் பதிவைப் பார்த்துவிட்டு “முன்குறி போச்சு பார்” என்று சொல்ல முடியும்.

> தோற்ற வெறியில் மேலும் மேலும் ஆடித் தோற்பதை டில்ட் என்கிறார்கள். ‘சாய்வுநிலை’ சரியா?

வேண்டவே வேண்டாம். உருளும் பந்தைத் தட்டி ஆடும் பின்பால் இயந்திரத்தைச் சாய்த்தால் அது நின்றுவிடும், அதிலிருந்து அவர்களுக்கு அந்தச் சொல் வந்தது. நமக்குக் ‘கடுப்பு’ இருக்கிறது. ‘கடுப்பாட்டம்’ என்று போட்டால் பையன்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். “இரண்டு தோல்விக்குப் பிறகு ஆடுவது கடுப்பாட்டம், எழுந்து போய் தண்ணீர் குடி” என்று கையேட்டில் தைரியமாக எழுதலாம்.

இலங்கை நண்பர்கள் இருவர் இந்த இழையில் இருக்கிறீர்கள். ‘ஆட்டத்தரம்’ உங்கள் பக்கம் வேறு எதையாவது குறிக்குமா, ‘கடுப்பு’ அங்கேயும் இதே பொருளில் பேச்சில் உண்டா என்று எழுதுங்கள். மறுப்பு இல்லையென்றால் கையேட்டின் முதல் வரைவில் இவற்றைப் போட்டுப் பார்க்கச் சொல்லலாம்.

அன்புடன்