கீழவீதி வீடு (குடும்பக் குழு)

நிவி: மாமா, சயின்ஸ் கிளப்புக்கு அழிஞ்சுக்கிட்டு இருக்கற ஒரு பறவையையும் ஒரு சதுப்புநிலத் தாவரத்தையும் ஒப்பிடணும். நீங்க கொல்கத்தாவுல இருக்கீங்கல்ல, சுந்தரவனத்துலேர்ந்து சொல்லுங்களேன்

கண்ணன்: ரெண்டுக்கும் ஒரே பேரு இருக்கும்மா. சுந்தரி மரம். இன்னொண்ணு சுந்தரி ஹாஸ், அதாவது சுந்தரி வாத்து

கண்ணன்: பேருதான் வாத்து, அந்த இனமே இல்ல. மஞ்சள் அலகு, கருப்பு முகம், விரல்ல மடல் மடலா சவ்வு. ஓடைத் தண்ணிக்கு மேல சாஞ்ச கிளையில கூடு கட்டும்

சித்ரா: நீ பாத்திருக்கியாடா?

கண்ணன்: இல்லக்கா. இப்போ பெரும்பாலும் சுந்தரவனத்தோட பங்களாதேஷ் பகுதியிலயும் கம்போடியாவுலயும்தான். 2020ல வந்த ஆய்வுப்படி உலகத்துலயே 108லேர்ந்து 304 பறவை வரைக்கும்தான் இருக்கும்

நிவி: 😢 அப்போ பறவைக்குத்தான் ஆபத்து. மரம் நெறைய இருக்குல்ல?

கண்ணன்: அங்கதான் ஏமாந்துடறோம். பறவை குறைஞ்சா எண்ணிடலாம். மரம் நின்னுக்கிட்டே சாகும். முதல்ல உச்சி காயும், அப்படியே கீழ இறங்கும். சுந்தரிக்கு நல்ல தண்ணி கலந்த சேறு வேணும். 1975ல மேற்கு வங்கத்துல கங்கைக்குக் குறுக்க ஃபராக்கா தடுப்பணை வந்தப்புறம் கோடையில கங்கைத் தண்ணி பங்களாதேஷ் பக்கம் குறைஞ்சு உப்பு ஏறிடுச்சு

தாத்தா: சுந்தரி போன எடத்துல என்ன வருது கண்ணா

கண்ணன்: கேவான்னு ஒரு மரம்ப்பா. நம்ம தில்லைதான்!

தாத்தா: நடராஜர் கோயில் தலமரமா!! பால் கண்ணுல பட்டா ஆபத்துன்னு பிச்சாவரத்துல சொல்லுவாங்களே

கண்ணன்: அதேதான். உப்பைத் தாங்கும். அதனால காடு பச்சையாவே தெரியும். தூரத்துலேர்ந்து பாக்கறவங்களுக்கு சுந்தரி போனதே தெரியாது. எனக்கு அதுதான் தாங்கல

நிவி: பறவை ஏன் குறையுது மாமா?

கண்ணன்: மீன் பிடிக்கப் போறவங்க முட்டையை எடுத்துடறாங்க, அடைகாக்கற பறவையையும் பிடிச்சுடறாங்க. அவங்ககிட்ட உக்காந்து பேசலாம், கேப்பாங்க. மரத்துக்குத் தண்ணி வேணும்னா இந்தியா, பங்களாதேஷ்னு ரெண்டு நாடு பேசணும். 1996ல ரெண்டு நாடும் போட்ட கங்கைத் தண்ணிப் பங்கீட்டு ஒப்பந்தம் 30 வருஷத்துக்குத்தான், 2026ல முடியுது

நிவி: நான் மரத்தைத்தான் முதல்ல எழுதப்போறேன்

தாத்தா: ஞாயித்துக்கிழமை பிச்சாவரம் போலாம் வா. தில்லையக் காட்டறேன்

சித்ரா: அப்பா, அவளை இலையைக் கிள்ள விடாதீங்க