புதுப்பிப்பு: ஐ.எஸ்.ஓ. 9001 புதிய பதிப்புக்கு எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் செய்தவை

தர முகாமைத்துவத்துக்கான சர்வதேச நியமமான ஐ.எஸ்.ஓ. 9001 மாறப்போகிறதே, எங்கள் தொழிற்சாலைக் கோப்புகளை எல்லாம் இப்போதே திருத்தத் தொடங்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் இன்னும் சிலர் இதே குழப்பத்தில் இருப்பதால் நடந்ததைச் சொல்கிறேன்.

கோப்புகளில் கை வைக்கவில்லை. இறுதிப் பதிப்பு கைக்கு வரட்டும். 2015 பதிப்பு வந்தபோதும் மாறிக்கொள்ள மூன்று வருடம் கொடுத்தார்கள். ஆனால் காலநிலை மாற்றம் நம் நிறுவனத்தைப் பாதிக்குமா என்று பார்க்கச் சொல்லி 2024 பெப்ரவரியில் வந்த காலநிலைத் திருத்தம் ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. பலர் அதற்கு ஒரு வரி எழுதி முடித்துவிடுகிறார்கள். மலையகத்தில் அது போதவே போதாது. தென்மேல் பருவமழையில் கொழுந்து நனைந்து வந்தால் வாட்டக் கூடுதல் நேரம், கூடுதல் விறகு. வறட்சி என்றால் கொழுந்தே குறைவு. இரண்டையும் ஆபத்துப் பதிவேட்டில் ஏற்றி, ஈரக் கொழுந்து வரும் நாளில் யார் முடிவெடுப்பது என்றும் எழுதிவிட்டோம்.

2025இல் வந்த புதிய பதிப்பின் வரைவில் எனக்கு மிகவும் பிடித்தது, தரப் பண்பாட்டையும் நேர்மையான நடத்தையையும் மேல்நிலை நிர்வாகத்தின் பொறுப்பாக்கியது. இரவு ஷிப்ட்டில் ஓர் அக்காவிடம், "கொழுந்து சரியாக வாடாமலே ரோலருக்கு (உருட்டும் இயந்திரத்துக்கு) போடச் சொன்னால்?" என்று கேட்டேன். "சொல்லத்தான் வேணும் சேர், ஆனா யாருகிட்ட சொல்றது?" என்றார். அதற்கான பதிலை இப்போது வாட்டும் கூடத்துச் சுவரிலேயே ஒட்டியிருக்கிறோம்: தேயிலை தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கரிடம், எந்த நேரமானாலும்.

அப்புறம், அடுத்த உள்ளக ஒடிட்டில் ஆபத்துகளையும் வாய்ப்புகளையும் தனித்தனியாகப் பார்க்கப்போகிறோம். வரைவும் அப்படித்தான் பிரிக்கிறது. ஏற்கெனவே செய்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.