மெட்டாடேட்டா: மீத்தரவா, உறைத்தரவா, வேறா? (வெள்ளிக்குள் வேண்டும்)

தும்பி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். செய்திச் செயலி ஒன்றின் தனியுரிமைக் கொள்கையும் அமைப்புத் திரைகளும் தமிழாகின்றன. வெள்ளி இரவு சரங்களை (திரையில் வரும் சொற்றொடர்களை) மாற்ற முடியாதபடி பூட்டிவிடுவார்கள். மெட்டாடேட்டா (ஒரு செய்தியையோ படத்தையோ பற்றிய தரவு) மட்டும் இழுத்துக்கொண்டு நிற்கிறது. இரண்டு இடங்களில் வருகிறது. கொள்கையில்: "உங்கள் செய்திகளை எங்களால் படிக்க முடியாது, மெட்டாடேட்டாவை 30 நாள் வைத்திருப்போம்." படம் அனுப்பும் திரையில்: "மெட்டாடேட்டாவை நீக்கு" என்ற பொத்தான். பழைய மொழிபெயர்ப்பில் ஓரிடத்தில் மீதரவு, இன்னோரிடத்தில் மீத்தரவு. எது சரி?

நெடுவேல்:

இரண்டும் சரி. மேல் எனப் பொருள்படும் மீ என்பதன் பின் அல்வழியில் (வேற்றுமைப் பொருள் இல்லாத சேர்க்கையில்) சொல் இயல்பாகவும் வரலாம், இடையில் வல்லின ஒற்றோ மெல்லின ஒற்றோ மிகுந்தும் வரலாம் என்பது நன்னூல். மீகண், மீக்கூற்று, மீந்தோல். ஆகவே மீந்தரவு என்றாலும் குற்றமில்லை.

யாழினி:

மீந்தரவு என்றால் நேற்று மீந்த தரவு என்றுதான் படிப்பார்கள் ஐயா. 30 நாள் வைத்திருப்பதால் அதுவும் பொருத்தமோ என்னவோ :-) என் சிக்கல் வேறு. மீயுரை (ஹைப்பர்டெக்ஸ்ட்), மீத்தொடுப்பு (ஹைப்பர்லிங்க்) என்று "ஹைப்பர்"க்கு ஏற்கெனவே மீ-யைக் கொடுத்துவிட்டோம். "மெட்டா"வுக்கும் அதுவே என்றால் மாணவர்கள் குழம்புவார்கள்.

கணியன்:

மீ இருக்கட்டும். அந்த இரண்டு இடங்களிலும் பொருள் ஒன்றில்லை, அதை யாரும் கவனிக்கவில்லையே. படத்தில் நீக்குவது எக்சிஃப்: கோப்புக்குள்ளேயே எழுதப்பட்ட எடுத்த நேரம், கருவியின் பெயர், ஜிபிஎஸ் ஆயங்கள் (இடத்தைக் காட்டும் எண்கள்). கொள்கையில் வருவதோ சேவையகத்தில் பதிவாவது: யார், யாருக்கு, எப்போது, எவ்வளவு பெரிய செய்தி, எந்த ஐபி முகவரியிலிருந்து. முன்னதைப் பயனர் தாமே அழிக்கலாம். பின்னதை நிறுவனம்தான் அழிக்க முடியும், அதனால்தான் சட்டம் அதைத் தனியாகப் பிடிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002/58 நெறியுறுத்தம் (உறுப்பு நாடுகள் சட்டமாக்க வேண்டிய ஆணை) அதை "டிராஃபிக் டேட்டா" என்கிறது. செய்தியைக் கொண்டுசேர்க்கும் வேலை முடிந்ததும் அழிக்க வேண்டும், அல்லது ஆள் அடையாளம் தெரியாதபடி ஆக்க வேண்டும். கட்டணக் கணக்குக்கு விலக்கு உண்டு, அதுவும் பில்லை எதிர்த்துக் கேட்கக்கூடிய காலம் வரைதான்.

நெடுவேல்:

அப்படியானால் தமிழில் இணையே இருக்கிறது. உள்ளடக்கம் அகத்தரவு, மற்றது புறத்தரவு. அகத்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டிச் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பியம். பெயர் வந்தால் புறம். யார், யாருக்கு என்று பெயர் சொல்லும் தரவு புறத்தரவுதானே! தரவு என்பதே கலிப்பாவின் முதல் உறுப்பு, அதன் பின் தாழிசை...

யாழினி:

அப்போது கணக்கை மூடும் பொத்தானுக்கு, கலிப்பாவின் கடைசி உறுப்பான சுரிதகம் என்று பெயர் வைக்கலாமா?

கணியன்:

நெடுவேல் ஐயா, விளக்கம் அழகு. ஆனால் புறம் என்றதும் மேலோட்டமானது, ஆபத்தில்லாதது என்று தொனிக்கும். நிறுவனங்களுக்கு வேண்டியதும் அதுதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006இன் தரவுத் தக்கவைப்பு நெறியுறுத்தம் இந்த விவரங்களை 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சேமிக்கச் சொன்னது. 2014 ஏப்ரல் 8 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. பேச்சைக் கேட்கவே வேண்டாம். இவற்றைச் சேர்த்துப் பார்த்தாலே ஒருவரின் பழக்கம், நடமாட்டம், உறவுகள் துல்லியமாகத் தெரியும் என்றது தீர்ப்பு.

சேந்தன்:

உறைத்தரவு. கடித உறைக்காகச் சொல்லவில்லை, மின்னஞ்சல் நெறிமுறையிலேயே உறை உண்டு. அந்த நெறிமுறையான எஸ்எம்டிபியில் அனுப்பும் சேவையகம் முதலில் அனுப்புநர், பெறுநர் முகவரிகளைத் தனிக் கட்டளைகளாகச் சொல்லும், அதுதான் உறை. தலைப்புவரிகள் (நாம் அஞ்சலில் பார்க்கும் அனுப்புநர், பெறுநர், பொருள் வரிகள்) அதன் பிறகு, செய்தியோடு சேர்ந்து வரும். மறைநகல் (பிசிசி) பெறுபவரின் முகவரி உறையில் மட்டும் இருக்கும், மற்றவர்களுக்குப் போகும் தலைப்பில் இராது. சொல் துல்லியமாகப் பொருந்துகிறது.

யாழினி:

ஒற்றை விட்டுவிட்டால் உறைதரவு, வினைத்தொகை, உறைந்த தரவு! தேடுபொறியில் பாதிப் பேர் ஒற்றில்லாமல்தான் தட்டுவார்கள். தொலைபேசி அழைப்புக்கு உறை எங்கே? அது போக, அஞ்சலின் பொருள்வரி (சப்ஜெக்ட்) உறையா, உள்ளடக்கமா? அது தலைப்பில் இருக்கிறது. அஞ்சலை மறையாக்கும் ஓபன்பிஜிபியின் வழக்கமான முறையில் அஞ்சலின் உடல் மட்டும் மறையாகும், பொருள்வரி அப்படியே தெரியும். "பரிசோதனை முடிவு: பாசிட்டிவ்" என்று பொருள்வரியில் போட்டால் உள்ளே மறைக்க என்ன மிச்சம்?

சேந்தன்:

பொருள்வரி உள்ளடக்கம்தான், இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. வலை முகவரியும் அப்படியே. எச்டிடிபிஎஸ்ஸில் (மறையாக்கிய வலைத் தொடர்பில்) தளத்தின் பெயர் பெரும்பாலும் வழியில் தெரியும், அதற்குப் பிந்தைய பாதை தெரியாது. அந்தப் பாதையில்தான் எந்த நோயைப் பற்றிப் படித்தார் என்பதே இருக்கும். எந்தச் சொல்லாலும் இந்தக் கோட்டைச் சரியாகப் போட முடியாது.

தும்பி:

நாளை வெள்ளி. கொள்கையில் "தொடர்பு விவரங்கள்", முதல்முறை வரும்போது கணியன் சொன்ன பட்டியலோடு. "மெட்டாடேட்டா என்றே விடலாம்" என்று தனிமடலில் மூவர் எழுதினார்கள். ஆனால் எதைச் சேமிக்கிறார்கள் என்று தெரியாமல் பயனர் ஒப்புதல் கொடுத்து என்ன பயன்? படத் திரையில் "இடம், நேரம், கருவி விவரங்களை நீக்கு" என்று போட்டேன், பொத்தான் இரண்டு வரியாக உடைந்தது. "படவிவரத்தை நீக்கு" என்றால் படத்தின் கீழ் எழுதிய விளக்கம் போய்விடும் என்று நினைப்பார்கள். எனவே "மீத்தரவை நீக்கு", கீழே சிறிய எழுத்தில் "எடுத்த இடமும் நேரமும் படத்தோடு போகாது". மறுப்பு இருந்தால் இன்றிரவுக்குள்.

யாழினி: சரி. மீ-யில் எனக்கு உடன்பாடில்லை, ஆனாலும் சரி.

கணியன்: ஆதரவு.

நெடுவேல்:

விவரம் வடசொல். தொடர்புக் குறிப்பு என்றாவது ஆக்குங்கள். என் மறுப்பைப் பதிவு செய்க.

சேந்தன்:

குறிப்பு ஆகாது ஐயா. தனக்குத்தானே அனுப்பிக்கொள்ளும் செய்திக்குச் செயலியில் அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. "குறிப்புகளை 30 நாள் வைத்திருப்போம்" என்று படித்தால் பயனர் அலறிவிடுவார். உறைத்தரவை அடுத்த பதிப்புக்கு மீண்டும் கொண்டுவருவேன்.