பொங்கல் கழிந்தால் தோட்டத்தில் உப்பு பூக்கிறது. ஜிப்சம் போடலாமா?

கத்திவாக்கம் கீரைக்காரி:

வீடு கத்திவாக்கத்தில். கடலுக்கும் எங்களுக்கும் நடுவே எண்ணூர் விரைவுச் சாலையும் இரண்டு தெருவும்தான். பின்பக்கம் கால் கிரவுண்டு இடத்தில் கீரை, வெண்டை, கொத்தவரை போடுகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் அரைக்கீரை அறுத்து மாளாது, பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுப்பேன். பொங்கல் கழிந்ததும் மண்ணில் வெள்ளை பூக்க ஆரம்பிக்கும். மாசிக்குள் காலடியில் நறநறக்கும். நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பேதான்.

புரியாதது இரண்டு. முருங்கை மரத்தடியில் மாமியார் தென்னை ஓலையும் சருகும் குவித்து வைத்திருக்கிறார். அந்த மூலையில் மட்டும் பூப்பதில்லை. நான் தினமும் பெருக்கிப் பளிச்சென்று வைத்திருக்கும் பாத்தியில்தான் அதிகம். அப்புறம், போன சித்திரையில் ஒரு நாள் தூறல் போட்டது. சந்தோஷப்பட்டேன். மறுநாள் வெண்டை இலை ஓரமெல்லாம் கருகி நிற்கிறது. மழை பட்டா செடி கருகும்?

மண் பரிசோதனையில் பி.எச். (அமில, காரத் தன்மை) 7.9, ஈ.சி. (கரைந்த உப்பைக் காட்டும் மின்கடத்துத்திறன்) 5.6 என்று வந்தது. போர் தண்ணீர் ஈ.சி. 2.4. உரக்கடையில் ஒரு மூட்டை ஜிப்சம் போடச் சொல்கிறார்கள். தண்ணீர் தினமும் காலையில் நாலு பூவாளி, ஒருநாளும் தவறியதில்லை.

மணலிவாசி:

மேல்மண்ணை ஓரடி வெட்டி எடுத்துவிட்டு இரண்டு லோடு செம்மண் அடியுங்கள் மேடம். வேலை முடிந்தது.

உப்பளத்தான்:

செம்மண்ணுக்குக் கீழேயும் அதே தண்ணீர்தானே சார் இருக்கப்போகிறது? இரண்டு கோடையில் திரும்ப மேலே வந்துவிடும்.

அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் கீரைப் பாத்தியில் உப்பளம் நடத்துகிறீர்கள். என் அப்பா அத்திப்பட்டுப் பக்கம் உப்பளத்தில் வேலை பார்த்தவர். பள்ளிக்கூட லீவில் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அங்கேயே வரப்பில் உட்கார்ந்திருப்பேன். தரையை மிதித்து மிதித்து வழவழவென்று ஆக்குவார்கள். ஒரு புல் முளைக்க விடமாட்டார்கள். தண்ணீரை மெல்லிசாகக் கட்டுவார்கள். மிச்சத்தை வெயிலும் காற்றும் பார்த்துக்கொள்ளும். கடல் தண்ணீர் 3.5 டிகிரி இருக்கும் (சூடு இல்லை, உப்புத் தண்ணீரின் அடர்த்தியை அளக்கும் போமே டிகிரி), அது சுண்டிச் சுண்டி 25-ஐத் தொட்டால் உப்பு இறங்கும். வறண்ட மேல்காற்று அடித்தால் அப்பாவுக்குக் கொண்டாட்டம். ஐப்பசி மேகத்தைக் கண்டால் முகம் சுண்டிவிடும், உப்பெல்லாம் கரைந்து போகுமே.

உங்கள் பாத்தியில் நடப்பதும் இதுதான். கடலோரத்தில் நிலத்தடி நீர் அதிக ஆழத்தில் இருக்காது. மண் விளக்குத் திரி மாதிரி அதை மேலே உறிஞ்சும். தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு மேலேயே தங்கிவிடும். பெருக்கி வைத்த வெறுந்தரை என்றால் வெயிலும் காற்றும் நேராகப் படும், உறிஞ்சலும் வேகமாக நடக்கும். ஓலை மூடிய இடத்தில் ஆவியாவது குறைவு, அதனால் உப்பு மேலேறுவதும் குறைவு. உங்கள் மாமியார் ஜெயித்துவிட்டார்.

பூவாளிக் கணக்கையும் பாருங்கள். ஈ.சி. 2.4 என்றால் லிட்டருக்குச் சுமார் 1.5 கிராம் உப்பு. 10 லிட்டர் பூவாளி நாலு, முப்பது நாள். மாதம் 2 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக நீங்களே உப்பு போடுகிறீர்கள். அதுவும் மேல்மண் நனையும் அளவுக்குத்தான், கீழே கழுவிக்கொண்டு போகாது.

தூறலில் வெண்டை கருகியதும் இதனால்தான். அந்தத் தூறல் மேலே பூத்திருந்த உப்பைக் கரைத்து வேர்வரைக்கும் இறக்கிவிட்டு நின்றுவிட்டது. அடைமழை என்றால் வேரைத் தாண்டிக் கீழே தள்ளியிருக்கும். கோடையில் தூறல் போட்டால் தண்ணீர் விடுவதை நிறுத்தாதீர்கள், அன்றைக்குத்தான் நிறைய விடவேண்டும்.

சருகு நாலு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். தினம் தெளிப்பதை விட்டு, சில நாளுக்கு ஒரு முறை ஆழமாக ஊறும்படி விடுங்கள். முடிந்தால் மெட்ரோ தண்ணீர். புரட்டாசியிலேயே பாத்தியைச் சுற்றி வரப்பு கட்டினால் மழைத் தண்ணீர் தெருவுக்கு ஓடாமல் உள்ளேயே இறங்கும். ஓரடி மண்ணில் ஓரடி நல்ல தண்ணீர் இறங்கினால் உப்பில் ஐந்தில் நாலு பங்கு போய்விடும் என்பது பொதுவான கணக்கு. ஆனால் இரண்டடி தோண்டியதும் தண்ணீர் ஊறுகிறதா என்று முதலில் பாருங்கள். ஊறினால் உப்பு போக இடமில்லை, மேட்டுப்பாத்திதான் வழி. அதிலும் உச்சியில் நடாதீர்கள், உப்பு உச்சிக்குத்தான் ஏறும். சரிவில் நடுங்கள்.

மீஞ்சூர் நெல்லுக்காரர்:

தம்பி சொல்வது சரி. ஜிப்சம் பற்றி மட்டும் சொல்கிறேன். அது மண்ணில் ஒட்டிக்கொண்ட சோடியத்தை விரட்டுகிற மருந்து. பி.எச். 8.5-க்கு மேலே போய், மழை பெய்தால் களி மாதிரி இறுகும் களர் மண்ணுக்கு அது வேண்டும். உங்களுடையது உவர் மண், அதாவது கரையும் உப்பு மிகுந்த மண், கழுவினாலே போதும். ஜிப்சமும் ஓர் உப்புதானே அம்மா, ஏன் காசு கொடுத்து உப்பு வாங்குகிறீர்கள்?

இன்னொன்று, மூடாக்குக்குத் தேங்காய் நார்க்கழிவு வாங்கினால் கழுவிப் போடுங்கள். காயலில் ஊறிய மட்டையிலிருந்து வந்ததாக இருந்தால் அதிலேயே உப்பு இருக்கும்.

போரை அதிகம் ஓட்டாதீர்கள். எங்கள் பக்கம் பட்டது போதும். உறிஞ்ச உறிஞ்சக் கடல் தண்ணீர் நிலத்தடியில் உள்ளே வந்தது. 1960-களின் கடைசியில் 3 கிலோமீட்டர் என்றார்கள், 1980-களில் 9 என்றார்கள். எங்கள் கிணற்றை நாங்கள் மூடியே வருஷமாகிவிட்டது.

கத்திவாக்கம் கீரைக்காரி:

நேற்று கடப்பாரை போட்டுப் பார்த்தேன். மூன்றடியிலும் ஈரம்தான், தண்ணீர் ஊறவில்லை. பாதிப் பாத்திக்கு ஓலை பரப்பிவிட்டேன், மீதிப் பாதியை வித்தியாசம் பார்க்க அப்படியே விட்டிருக்கிறேன். அந்தக் குவியலை எடுக்கச் சொல்லி நான் போட்ட சண்டையை மாமியார் தேதியோடு சொல்லிக் காட்டுகிறார். ஒரே பயம், சருகுக்குள் பூரான் வருமே?

உப்பளத்தான்:

வரும் அக்கா. செருப்பு போட்டுக்கொண்டு இறங்குங்கள், கீரை பறிக்கும் முன் குச்சியால் ஒரு தட்டுத் தட்டுங்கள். தண்டை ஒட்டிக் குவிக்காமல் ஒரு சாண் தள்ளியே போடுங்கள்.